மூச்சுக் காவல்

சதாசிவின் முழங்கை மூக்கில் வந்து இறங்கியபோது கோண்டிபாவுக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. வலி பிறகு சாவகாசமாக வந்தது. காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம், அவன் தலைக்குள்ளேயே.

அதற்குப் பிறகும் அவன் பிடியை விடவில்லை. மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் வாய்க்குள் போக, அதைத் துப்பிக்கொண்டே சதாவின் இடுப்பைக் கட்டித் தூக்கி மண்ணில் அறைந்தான். மோரும் எண்ணெயும் மஞ்சளும் ஊற்றி ஊற்றிப் பதப்படுத்திய சிவப்பு மண். அதில் ரத்தம் விழுந்தால் நிறம்கூட மாறாது. மேட்டில் உட்கார்ந்திருந்த குஸ்தி வாத்தியார் வஸ்தாத் யேசாஜி தொடையைத் தட்டிக்கொண்டு கத்தினார்.

"அது! அதுதாண்டா பிடி! செத்தாலும் விடாதே!"

கிணற்றடியில் மேலெல்லாம் ஒட்டிய மண்ணைக் கழுவும்போது சதா பக்கத்தில் வந்து நின்றான்.

"கோண்ட்யா, மூக்கைக் காட்டுடா. சத்தம் எனக்கே கேட்டுச்சு."

"உன் முழங்கை உடைஞ்ச சத்தமா இருக்கும். போய்ப் பாரு."

"விளையாடாத. வைத்தியர்கிட்டப் போயிடலாம் வா."

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல? பொம்பள மாதிரி நச்சரிக்காத."

சதா சிரித்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தான். நான்கு வருடமாக ஒரே தாலீமில் ஒரே பாயில் புரண்ட ஜோடி அவர்கள். கோலாப்பூரில் மல்லர்கள் தங்கிப் பயிலும் தாலீம்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஒவ்வொன்றிலும் ஜோடி போட்டுத்தான் வளர்ப்பார்கள். ஒருவன் தோளில் ஒருவன் ஏறி உட்கார்ந்தால் மற்றவன் உட்கார்ந்து எழுந்து பைட்டக் பழகுவான். ஒருவன் பாதாம் அரைத்தால் மற்றவன் பால் காய்ச்சுவான். இரண்டு பேரில் ஒருவனுக்குத்தான் பெரிய குஸ்தி கிடைக்கும் என்பதை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

வீக்கம் வற்றியதும் மூக்கு வெளிப்பார்வைக்கு நேராகவே இருந்தது. உள்ளேதான் கோளாறு. வலது துவாரத்தில் எலும்பு ஒதுங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. நின்றால், ஓடினால், உடம்பு சூடேறினால் ஏதோ கொஞ்சம் காற்றுப் போகும். படுத்தால் போச்சு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரிதான். தூக்கத்தில் மூக்கு தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறக்கும். எல்லா மனுஷனுக்கும் அப்படித்தான். கோண்டிபாவுக்கு இடது பக்கம் அடைக்கிற முறை வரும்போது இரண்டுமே இல்லாமல் போய், வாயைப் பிளந்துகொண்டு, வியர்த்து எழுவான்.

வேறு யாருக்கானாலும் இது ஒரு சில்லறை உபாதை. வஸ்தாத் யேசாஜியின் தாலீமில் அது தூக்குத் தண்டனை. அவருக்கு எந்தச் சாமியார் எந்தக் காலத்தில் காதில் ஓதினாரோ தெரியாது, சரம் பார்க்கும் பைத்தியம் முற்றிப்போயிருந்தது. வலது மூக்கில் ஓடும் மூச்சு சூரியன், இடதில் ஓடுவது சந்திரன். சூரியன் ஓடும்போது மண்ணில் இறங்கினவன் ஜெயிப்பான், சந்திரன் ஓடும்போது இறங்கினவன் முதுகில் மண் ஒட்டும். இதுதான் அவருடைய வேதம். தோற்ற குஸ்திகளுக்கெல்லாம் அவரிடம் ஒரே காரணம் இருந்தது. "அவன் பலம் என்ன, இவன் பலம் என்ன? இந்த மடையன் சந்திரனை வச்சுக்கிட்டுப் போய் இறங்கினான்!" கேட்டுக்கொண்டிருப்பவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டாமல் என்ன செய்வது, அவர் கையில்தான் தடி இருந்தது.

இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் வலது மூக்கு திறக்கும். அது உண்மைதான், யாரும் படுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் தூங்குகிறவன் புரண்டுவிடுவானே? அதற்காகத்தான் தாலீமில் காவல் வைத்தார்கள். குஸ்தி உள்ளவன் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கும்போது அவனுடைய ஜோடி தலைமாட்டில் உட்கார்ந்திருப்பான். புரண்டால் மெல்லத் திருப்பிப் போட வேண்டும். வாயால் மூச்சு விட்டால் பலம் ஒழுகிப் போகும் என்று பழைய லங்கோட்டுக் கோவணத் துணியைத் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவார்கள். பிணத்துக்குக் கட்டுவது போலவே இருக்கும். புதிதாகப் பார்ப்பவன் பயந்துவிடுவான்.

சதா நல்ல காவல்காரன். கோண்டிபா வலப்பக்கம் புரண்டால் திருப்பிப் போடவே மாட்டான். "எருமை மாதிரி அசந்து தூங்குற, எதுக்கு எழுப்பணும்? போய்த் தொலையட்டும் உன் சூரியன்," என்பான். வஸ்தாத் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் இடுப்பில் ஒரு கிள்ளு. தாடைத் துணியையும் தளர்த்தி விடுவான். மூக்கு உடைந்த பிறகு மூன்று மாதமும் கோண்டிபா இப்படித்தான் தப்பித்தான். காலையில் வஸ்தாத் வரிசையாக மூக்கடியில் புறங்கையை நீட்டிச் சரம் பார்க்க வருமுன் வெறி பிடித்தவன் போல பைட்டக் போட்டு உடம்பைக் கொதிக்க வைப்பான். சூடேறினால் அடைத்த மூக்கிலும் கொஞ்சம் காற்று வரும். இடது பக்கத்தை உள்ளிருந்தே ஏதோ நெளித்து அடக்கி வலது பக்கம் சீறுவான்.

"கோண்டிபாவுக்கு எரிமலைடா உள்ள!" என்பார் யேசாஜி. கோண்டிபா சட்டென்று அடுத்த பைட்டக்குக்கு இறங்கிவிடுவான்.

இத்தனை பாட்டுக்கும் காரணம் ஹிந்துராவ். சாங்லியிலிருந்து வரும் அந்த மலை, போன வருடம் பிம்பள்காவ் திருவிழாவில் இதே தாலீமின் மூத்த மல்லனைத் தூக்கிப் போட்டு கழுத்தெலும்பை உடைத்திருந்தான். உடைத்ததோடு விடாமல் விழுந்தவனின் தலைப்பாகையை எடுத்து வியர்வை துடைத்துக்கொண்டான். இந்த வருடம் அவனுக்கு எதிரே யார் என்று கேட்டபோது வஸ்தாத், "கோண்டிபா. அவன் சரம் கெட்டால் சதாசிவ்," என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். கோண்டிபாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் குஸ்தி கை நழுவினால் அடுத்தது கிடையாது, ஊருக்குப் போய் அண்ணன்மாரோடு கரும்பு வண்டிக்குப் பின்னால் நடக்க வேண்டியதுதான். அவனுக்கு ஹிந்துராவைக் கண்டு பயம் இல்லை. மூக்கைக் கண்டுதான் பயம்.

பயம் ஒரு கெட்ட விருந்தாளி, வந்தால் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரும். சதாவின் முழங்கை தவறித்தான் பட்டதா என்று ஒருநாள் பாதாம் உரிக்கும்போது கோண்டிபாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கப்பட்டான். மறுநாள் மறுபடி தோன்றியது. இந்த முறை வெட்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

குஸ்தி நாள் மதியம் பிம்பள்காவில் அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். தூரத்தில் ஹல்கி மேளம் இடித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்கறியும் சோள பாக்ரி ரொட்டியும் தின்று, பாதாம் அரைத்த தண்டாய் ஒரு செம்பு குடித்துவிட்டுக் கோண்டிபா ஜமக்காளத்தில் இடப்பக்கம் சாய்ந்தான். அன்றைக்கென்று வஸ்தாதே வந்து தாடையைக் கட்டினார். பல்லோடு பல் நெரிய இழுத்து முடிச்சுப் போட்டார்.

"வஸ்தாத், கொஞ்சம் லேசா..." என்றான் சதா.

"நீ வாயை மூடு. உனக்கும் சேர்த்துக் கட்டணுமா?"

யேசாஜி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோண்டிபா துணியைத் தளர்த்த வழியில்லை. சதாவைப் பார்த்தான். சதா கண்ணைச் சிமிட்டி, தூங்கு, நான் பார்த்துக்கிறேன் என்பதுபோல் தலையை அசைத்தான். உண்ட மயக்கமும் தண்டாயும் சேர்ந்து அவனை இழுத்துக்கொண்டு போயின.

கனவில் அவன் மண்ணுக்கடியில் இருந்தான். தாலீமின் குழி முழுவதும் அவன்மேல் சரிந்திருந்தது. மேலே யாரோ மிதித்து மிதித்து மண்ணை இறுக்கினார்கள். மூக்கில் மண், வாயில் மண். மார்பு பொங்கி எழுந்து எழுந்து வெறுமையில் முட்டியது. உடம்பில் இருந்த அத்தனை பலமும் ஒரு மூச்சுக்காகத் தவித்தது, அந்த ஒரு மூச்சு கிடைக்கவில்லை. கண்ணுக்குள் சிவப்பாய் என்னவோ வெடித்தது.

விழித்தான். முகத்தின்மேல் ஒரு முகம். மூக்கில் ஒரு விரல். அந்த விரல் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

மற்றதை அவன் கைகள் செய்தன. வாய்க்கட்டைப் பிய்த்தெறிந்த இடது கையே திரும்பி வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது. இடுப்பை எழுப்பிப் புரண்டான், மேலே இருந்தவன் கீழே போனான். முழங்காலை முதுகில் ஊன்றி, பிடித்த கையைப் பின்னால் கொண்டுவந்து மேலே தூக்கினான். பல வருடம் மண்ணில் புரண்டு பழகிய பூட்டு, அதற்குப் புத்தி தேவையில்லை. தரையில் நெற்றி மோதிய சத்தம் கேட்டது. ஒரு பல் தெறித்துப் போய்ச் சுவரில் பட்டது.

அப்போது மூச்சு வந்தது. திறந்த வாய் வழியே, கிணற்றில் வாளி விழுவதுபோல் தடதடவென்று நெஞ்சுக்குள் இறங்கியது. ஒரு மூச்சு, இன்னொன்று. கூரை ஓடு தெரிந்தது. கரும்பலகையில் யாரோ எழுதி அழிக்காமல் விட்ட கணக்கு தெரிந்தது. கீழே கிடப்பவன் சதா என்று தெரிந்தது.

"கோண்ட்யா... நான்தாண்டா... விடு..."

இந்த இடத்தைப் பற்றித்தான் பிறகு ஊர் முழுக்கப் பேசினார்கள், ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. கோண்டிபா முழுக்க விழித்திருந்தான். கையில் இருப்பது யாருடைய கை என்று அவனுக்குத் தெரியும். இன்னும் ஒரு விரற்கடை தூக்கினால் மூட்டு போய்விடும் என்றும் தெரியும். மூக்கை உடைத்தவன், மூச்சை அடைக்க வந்தவன், என் குஸ்தியைத் தின்ன வந்தவன் என்று மூன்று மாதமாக உள்ளே ஊறிக் கிடந்ததெல்லாம் ஒன்றாய்த் திரண்டு கைக்கு வந்தது. விட்டிருக்கலாம். விடுவதற்கு நேரம் இருந்தது.

தூக்கினான்.

தோள் கழன்ற சத்தம் முதலில் வந்தது, அதற்குள்ளேயே எலும்பு பிளந்த சத்தமும். சதா கத்தக்கூட இல்லை. வாயிலிருந்து காற்றும் ரத்தமும் மட்டும் வந்தன.

வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வஸ்தாத் இரண்டு மல்லர்களோடு ஓடி வந்தார். மூவரும் சேர்ந்து இழுத்தும் கோண்டிபா அசையவில்லை. ஒருவன் அவன் கழுத்தில் கையைப் போட்டு நெரித்தான், இன்னொருவன் விலாவில் உதைத்தான். மூன்றாவது உதைக்குப் பிறகுதான் கை தளர்ந்தது. சதாவைப் புரட்டிப் போட்டபோது அவன் வலது கை உடம்போடு சம்பந்தமில்லாமல் துணி மாதிரிக் கிடந்தது.

"என்னைக் கொல்லப் பார்த்தான்! மூக்கை அடைச்சான்! இவனுக்கு என் குஸ்தி வேணும்!" கோண்டிபா மூச்சிரைக்கக் கத்தினான்.

யேசாஜி அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"மடையா! பஞ்சு வைக்கச் சொன்னது நான்! நீ புரண்டு போய்ச் சந்திரனை ஓட விட்டுக்கிட்டு கிடந்த. இடது மூக்குல நெய்யில நனைச்ச பஞ்சை வைடான்னு நான்தான் சொன்னேன். இவன் ஒத்துக்கவே இல்ல. 'நல்லாத் தூங்குறான், விடுங்க வஸ்தாத்'னான். நான்தான் அதட்டி வைக்கச் சொல்லிட்டு வெளிய போனேன்."

"வச்சதும்... மூச்சு நின்னுபோச்சு வஸ்தாத்..." தரையிலிருந்து சதாவின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லும் பல்லுக்கிடையில் நசுங்கி வந்தது. "மூஞ்சி நீலமாயிடுச்சு. பஞ்சு உள்ள போயிடுச்சு... எடுக்கப் பார்த்தேன்... வரல."

கோண்டிபா தன் மூக்கைத் தொட்டான். உள்ளே ஆழத்தில் ஏதோ உறுத்தியது. சுண்டு விரலால் நெம்பி எடுத்தான். கையில் நெய்யும் ரத்தமும் தோய்ந்த ஒரு பஞ்சு உருண்டை இருந்தது. வலது மூக்கு செத்துப்போனது என்று ஒரு வார்த்தை, கிணற்றடியிலேயே ஒரே ஒரு வார்த்தை சதாவிடம் சொல்லியிருந்தால் அவன் பஞ்சைத் தொட்டிருப்பானா? வஸ்தாதின் தடியையே முறித்துப் போட்டிருப்பான்.

"சதா..." என்றான்.

சதா அவனைப் பார்க்கவில்லை. வஸ்தாதைப் பார்த்துச் சொன்னான். "அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. தூக்கத்துல பண்ணிட்டான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. யேசாஜியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. சாமி வந்தவர் போல கையை உயர்த்தினார்.

"பார்த்தீங்களாடா? சந்திரனை அடைச்சதும் சூரியன் எப்படிப் பொங்கிச்சுன்னு பார்த்தீங்களா? தூங்குறப்பவே இப்படின்னா, முழிச்சு இறங்கினா ஹிந்துராவ் கதி என்ன ஆகும்!"

சதாவை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கோண்டிபாவை எழுப்பி எண்ணெய் தேய்த்தார்கள். நான் போகிறேன் அவனோடு, என்று அவன் இரண்டு முறை சொன்னான். இரண்டாவது முறை குரல் அவ்வளவு உரக்க வரவில்லை. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது அவன் லங்கோட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குக் குஸ்தி வேண்டியிருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா?

மைதானத்துக்குள் அவன் நுழைவதற்கு முன்பே சேதி நுழைந்திருந்தது. ஒலிபெருக்கிக்காரன் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். "தூக்கத்துலயே ஜோடியோட கையை முறிச்ச சிங்கம்! முழிச்சா என்ன செய்யும்? பாருங்க, பாருங்க!" ஹல்கிக்காரர்கள் வெறி பிடித்து அடித்தார்கள். வேப்பமரத்துக் கிளைகளிலெல்லாம் ஆட்கள் தொங்கினார்கள். எதிரே நின்ற ஹிந்துராவ் மண்ணை எடுத்து மார்பில் பூசிக்கொண்டான். அவன் கண் கோண்டிபாவின் கைகளை விட்டு நகரவில்லை.

பயந்த மல்லன்தான் மோசமானவன். கை கொடுத்த மறு விநாடியே ஹிந்துராவ் கழுத்தைப் பிடிக்கிற சாக்கில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மூக்கில் ஓர் இடி இடித்தான். பிறகு இன்னொன்று. நடுவர் பார்க்காத பக்கமாக மூன்றாவது. கோண்டிபாவின் மூக்கிலிருந்து ரத்தம் குபுக்கென்று வந்தது. இடது துவாரமும் அடைத்தது.

"வாயை மூடுடா! வாயை மூடு!" வரப்பிலிருந்து யேசாஜி கத்தினார்.

ஹிந்துராவ் அவனைக் குப்புறத் தள்ளி மேலே ஏறினான். முன்னங்கையைத் தாடைக்கடியில் கொடுத்து முகத்தை மண்ணில் தேய்த்தான். உதடு கிழிந்தது. மண் வாய்க்குள் போனது. கனவில் வந்த அதே மண். கோண்டிபாவுக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. பின்னால் கையை வீசி ஹிந்துராவின் காதைப் பிடித்து இழுத்தான், காது பாதி கையோடு வந்தது. பிடி தளர்ந்த கணத்தில் காலுக்கடியில் நுழைந்து அவனைத் தோளில் தூக்கி மல்லாக்க அடித்தான். கூட்டம் எழுந்து நின்றது. முதுகில் மண் ஒட்டினால் போதும், குஸ்தி முடிந்தது, ஊதல் ஊதிவிட்டார்கள். கோண்டிபாவுக்கு ஊதல் கேட்கவில்லை. மேலே உட்கார்ந்து ஹிந்துராவின் வாயையும் மூக்கையும் ஒரே உள்ளங்கையால் பொத்தினான். அந்தப் பெரிய உடம்பு கீழே துள்ளியது, குதிகால்கள் மண்ணைக் கிளறின, கண்கள் பிதுங்கின. கோண்டிபா அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறேழு பேர் சேர்ந்து அவனைப் பிய்த்தெடுத்தார்கள்.

பிறகு அவனைத் தோளில் தூக்கினார்கள். தலையில் பட்டுத் தலைப்பாகை, கையில் வெள்ளிக் கதாயுதம், மேலே சிவப்புக் குலால் பொடி. அழுகிறான் பார், சந்தோஷத்தில் அழுகிறான் என்று சொன்னார்கள்.

மறுநாள் காலையில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். கதாயுதத்தைத் தாலீமிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனான். போகிற வழியெல்லாம் ஒரே நினைப்புத்தான்: சதா நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருப்பான். தூக்கத்தில் பண்ணிவிட்டான் என்று. நம்பியிருந்தால் போதும். காலில் விழுந்து, ஆயுசுக்கும் சோறு ஊட்டி, எப்படியாவது இந்தக் கணக்கைத் தீர்த்துவிடலாம்.

சதா கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது தோளிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. உதடு தடித்து, முன்பல் இருந்த இடத்தில் கறுப்பு ஓட்டை.

"வா பயில்வான்," என்றான். "ஜெயிச்சியாமே."

"ஆமா."

"காதைப் பிச்சுட்டியாமே. கம்பவுண்டர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"தோளுக்கு மேல கை தூக்க முடியாதுங்கறாரு. அதனால என்ன, சட்டை போட இன்னொருத்தன் வேணும், அவ்ளோதான்." சிரிக்கப் பார்த்தான், உதடு இடம் கொடுக்கவில்லை.

"சதா, நான்... தூக்கத்துல..."

"தெரியும்டா. நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேனே." கண்ணை மூடிக்கொண்டான். "ஊசி போட்டிருக்காங்க. அசத்துது. கொஞ்சம் தூங்கறேன். நீ உக்காரு."

கோண்டிபாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்தது போலிருந்தது. முக்காலியை இழுத்துத் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தான். இனி நான் உனக்குக் காவல், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

சதாவின் மூச்சு சீராக வந்து போயிற்று. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. கோண்டிபா கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் முதுகு நிமிர்ந்தது.

சதா தூங்கினால் எப்படி மூச்சு விடுவான் என்று அவனுக்குத் தெரியாதா? சதாவின் குஸ்தி நாட்களில் அவனும் எத்தனை மத்தியானம் காவல் இருந்திருக்கிறான்! முதலில் மூச்சு நீளும். ஒன்று பெரிதாக வரும், அடுத்தது சோம்பலாக, வரலாமா வேண்டாமா என்று யோசித்து வரும். ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு மறுபக்கத்தில் சன்னமாக ஒரு சீழ்க்கை கிளம்பும். நடுவில் ஓர் இடத்தில் நின்று, பெருமூச்சாகி, மறுபடி தொடங்கும். தூங்குகிறவனின் மூச்சு ஒருபோதும் இப்படி அளந்து வைத்த மாதிரி வராது. இது விழித்திருக்கிறவன் தூங்குகிறவனைப்போல் விடும் மூச்சு.

தனக்கு இது தெரியும் என்றால் சதாவுக்குத் தெரியாமல் இருக்குமா? கீழே கிடந்தபோது அவன் பிடரியில்தானே கோண்டிபாவின் மூச்சு மோதிக்கொண்டிருந்தது? அது தூங்குகிறவனின் மூச்சா, விழித்தவனின் மூச்சா என்று தாலீமிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் அவன்தானே? விழித்துவிட்டான் என்று தெரிந்துகொண்டுதான், "நான்தாண்டா, விடு," என்று கேட்டிருக்கிறான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அத்தனை பேர் முன்னாலும் பொய் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறான்.

"சதா," என்றான் மெதுவாக.

மூச்சு மட்டும் சீராக வந்து போயிற்று. போர்வைக்கு வெளியே கிடந்த இடது கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. மருந்தின் அசத்தலோடு சதா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவன் போகும்வரை தூங்கிவிடக் கூடாது என்று.

கோண்டிபா முக்காலி சத்தம் போடாமல் எழுந்தான். வெளியே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். உள்ளே நீளமாக ஒரு மூச்சு இறங்கியது. அடுத்தது தாமதமாக வந்தது. பிறகு அந்தச் சன்னச் சீழ்க்கை கிளம்பியது.

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் அவனைக் கண்டு நின்றாள்.

"ராத்திரி பூராவும் கண்ணை மூடல அந்தப் பேஷண்டு. நீங்க அவருக்கு என்ன வேணும், கூடப் பொறந்தவரா? இங்க ஏன் நிக்கிறீங்க? உள்ள போய் உக்காருங்க, பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நிம்மதியாத் தூங்குவாரு."

கோண்டிபா தலையை ஆட்டி மறுத்தான்.

"இல்ல சிஸ்டர். நான் உள்ள இருந்தா அவன் தூங்க மாட்டான்," என்றான்.